கரி உலைக்கு மச்சாள் வைத்த மணிக்கூடு

என்ர மச்சாளுக்கு,

ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒருவருக்கொருவர் எழுதியதெல்லாம் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய துண்டுகள்தான். "பருப்பு அவிச்சிருக்கு, தாளிச்சால் சரி." "கௌசிக்கு இருமல், வெளியில விட வேண்டாம்." நான் விடிய வேலைக்கு வெளிக்கிடும்போது நீங்கள் நித்திரை. நீங்கள் வேலையால் வரும்போது நான் மகள் கௌசியைப் படுக்கவைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் எழுதிய துண்டுகளில் இரண்டு மூன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஆய்வுகூடக் கொப்பியில் எழுதுவதுபோல உங்கள் எழுத்து அவ்வளவு நேராக இருக்கும்.

அடுத்த கிழமை உங்கள் ஆட்டத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். உங்கள் தம்பி நினைவு மலர் அடிக்கக் கொடுக்கிறார். "நீரும் ஒரு பக்கம் எழுதும்" என்றார். எழுதத் தொடங்கினேன், ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. "அக்கான்ர படத்தில ரெண்டைக் குறையுங்கோ, எனக்கு இடம் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஓம் என்றார். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் கதைக்கிறேன் மச்சாள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மச்சாள் செல்வராணி, என் கணவர் குமாரின் மூத்த அக்கா. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் பௌதிக ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்பார். ரொறன்ரோவில் அலுவலகக் கந்தோர்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தார். அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. எந்தக் கந்தோரில் எந்தக் கதவின் பிணைச்சல் தேய்ந்திருக்கிறது, எந்தக் கதிரையின் சில்லு கழன்றிருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து சொல்லுவார். சொன்ன பிறகு அடுத்த நாள் ஒரு திருப்புளியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவார்.

நான் எழுத வந்தது டான்போர்த் வீதிக்குத் தெற்கே நாங்கள் இருந்த வீட்டைப் பற்றி. ஆர்தரின் வீடு.

ஆறு மாதத்தில் மூன்று இடம் மாறி, கடைசியில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வீட்டின் மேல்மாடி முழுவதும் கிடைத்தது. ஆர்தர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் மடங்காது. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். நிலத்துக்குக் கீழ் அறையான பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்கும் கரி ஃபேர்னஸை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நகரத்தில் எல்லாரும் எப்போதோ காஸுக்கு மாறிவிட்டார்கள். ஆர்தர் மாறவில்லை. நகரத்துக்கு வெளியிலிருந்து லொறியில் கரி கொண்டுவருபவர், தனக்கு இங்கே இனி மிஞ்சியிருப்பது மூன்று வீடுதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அந்த இரும்பு உலை பேஸ்மென்றின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் தலையிலிருந்து தடித்த தகரக் குழாய்கள் நாலா பக்கமும் வளைந்து எல்லா அறைக்கும் போகும். அப்போது ஆறு வயதான கௌசி, குழாய்கள் கணவாய் மீனின் கைகள்போல இருந்ததால், அதற்குக் கணவாய் என்று பெயர் வைத்தாள்.

கணவாயைப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. விடியக் கைபிடியை ஆட்டிச் சாம்பலை விழுத்தி, கரி அள்ளிப் போட்டு, அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து காற்று விட வேண்டும். கரி பற்றியதும் கதவைச் சாத்தினால் நெருப்பு அடங்கி மத்தியானம் தாண்டும்வரை கிடக்கும். பிறகு பின்னேரம் மூன்று மணிபோல யாராவது போய் அந்தக் கதவை ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டு, மறக்காமல் திரும்பச் சாத்த வேண்டும். திறக்காவிட்டால் வீடு விறைத்துவிடும். சாத்தாவிட்டால் உலை அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிடும்.

அந்த மூன்று மணிக்குத்தான் எங்களிடம் ஆள் இல்லை. உங்கள் தம்பி மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருவார். நான் தையல் தொழிற்சாலையில் மூன்றரைவரை நின்று, கௌசியைக் கூட்டிக்கொண்டு வர ஐந்தாகும். நீங்கள் மத்தியானம் வெளிக்கிட்டால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. இடையில் இருப்பது ஆர்தர் மட்டும். அவரால் படியிறங்க முடியாது.

முடியாது என்று தெரிந்தும் அவர் ஒருநாள் இறங்கினார். ஐந்தாம் படியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இரண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்த மகள் ஜோன், கையில் கட்டோடு இருந்த தகப்பனைப் பார்த்துவிட்டு எங்களைக் குசினிக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிசி இல்லை. பயந்துபோன மனிசி. ஒன்றில் காஸ் ஃபேர்னஸ் பூட்ட வேண்டும், இல்லையென்றால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வசந்தத்தில் வீட்டை விற்க வேண்டும் என்றார். காஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்தர் கதிரையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஆகவே வீடு விற்பதுதான் என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஜோன் போன பிறகு நீங்கள் ரீக் கோப்பைகளைக் கழுவினீர்கள். கழுவிக்கொண்டே கேட்டீர்கள்: "இஞ்ச அலாம் அடிக்கிற மணிக்கூடு ஆரிட்டை இருக்கு? சாவி குடுக்கிற சாதி."

"என்னத்துக்கு அக்கா?" என்றார் உங்கள் தம்பி.

"மூண்டு மணிக்கு ஒருத்தர் கீழ போய் ஒரு கதவைத் திறக்க வேணும். அவ்வளவுதானே. அதுக்கு மனிசர்தான் வேணுமெண்டில்லை."

மணிக்கூட்டை ஆர்தர்தான் தந்தார். அவர் வேலைக்குப் போன காலத்தில் அவரை எழுப்பியது. அலாம் அடிக்கும்போது பின்பக்கத்துச் சாவி தானாகச் சுற்றும் என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. நீங்கள் அந்தச் சாவியில் ஒரு நூலைக் கட்டினீர்கள். அலாம் அடிக்க, சாவி சுற்றும். சாவி சுற்ற, நூல் இழுபட்டு ஒரு ஆணியை உருவும். ஆணி உருவ, அது தாங்கிக்கொண்டிருந்த சின்னப் பலகைத் தட்டு மடிந்து விழும். தட்டில் இருந்த கோப்பித் தகர ரின் நிறையத் தண்ணீர். ரின் கீழே இறங்க, அதில் பூட்டிய சங்கிலி மேலே ஒரு கொழுக்கியைச் சுற்றிப் போய் உலையின் கதவை இழுத்துத் திறக்கும்.

முதல்தரம் கதவு திறந்தபோது உங்கள் தம்பி கைதட்டினார். பிறகு யோசித்துவிட்டு, "அதுசரி, ஆர் மூடுறது?" என்று கேட்டார்.

"ஓட்டை" என்றீர்கள்.

"என்ன ஓட்டை?"

"ரின்னில ஒரு ஓட்டை போடப்போறன். தண்ணி ஒழுகி ஒழுகி ரின் பாரம் குறைஞ்சா, கதவு தன்ர பாரத்தில தானா மூடும். தட்டில இருக்கேக்க ஒழுகாமல் அடியில றப்பர் வைக்கலாம்."

றப்பருக்கு என் பழைய பனிச் சப்பாத்தை வெட்டினீர்கள். ஓட்டை சரிவர நாலு ரின் போனது. முதல் ரின் இருபது நிமிடத்தில் வெறுமையாகிவிட்டது. இரண்டாவது ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஆர்தர் மேல்படியில் கதிரை போட்டு இருந்துகொண்டு, கோப்பித் தூளைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு ரின்களை ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தார். அந்தப் பாத்திரத்துக் கோப்பியை நாங்கள் வசந்தம்வரை குடித்தோம். நாலாவது ரின் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. நீங்கள் கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் காணும்" என்றீர்கள்.

மூன்று மணிக்குக் கீழே மணி அடித்தால், "ராணியின் ஆள் வேலைக்கு வந்துவிட்டான்" என்பாராம் ஆர்தர். தனியாக இருக்கும்போதும் சொல்லுவாராம். நாலு மணிக்குக் குசினி இளஞ்சூடாகிவிடும். நானும் கௌசியும் ஐந்துக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது அவர் சேர்ட்டோடு இருப்பார்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குப் பயம்.

இதை நான் உங்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. நெருப்பு எரிந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றுதான் என் அம்மா என்னை வளர்த்தார். ஒருவரும் இல்லாத பேஸ்மென்றில் ஒரு மணி அடிக்க, நெருப்பு தானாக எழும்புகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தொழிற்சாலையில் மூன்று மணியானால் ஊசி கோணலாக ஓடும். பிறகு ஒருநாள் காற்று அடித்த நேரம் பேஸ்மென்றில் புகை மணத்தது.

"உது காத்துத் திரும்பி அடிச்சது" என்றீர்கள். "புகைக்கூட்டில ஏதும் அடைச்சிருக்கும். மணிக்கூட்டுக்கும் உதுக்கும் சம்பந்தமில்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நேற்று மணிக்கூடு வைக்கேல்லை, நான் வீட்டில நிண்டனான். நேற்றும் மணந்தது. இண்டைக்கும் மணக்குது. அப்ப மணிக்கூட்டில பிழை இருக்கேலாது."

அவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இனி எழுதுவது ஒரே ஒருவரைத் தவிர வேறொருவரும் இதுவரை என் வாயால் கேட்காதது. நீங்களும் கேட்கவில்லை.

ஜோன் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் வீடு எப்படி இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்து, விற்பதா இல்லையா என்று முடிவெடுக்க. எனக்கு அன்றைக்கு டொக்ரரிடம் போக வேண்டும், வேலைக்குப் போகவில்லை. நீங்கள் காலையில் மணிக்கூட்டை வைத்து, ரின்னை நிரப்பி, எல்லாம் சரிபார்த்துவிட்டு மத்தியானம் வேலைக்குப் போனீர்கள். நீங்கள் போய் அரை மணித்தியாலத்தில் நான் கீழே இறங்கினேன்.

வெளியே காற்று. உலைக்கு முன்னால் நின்றேன். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. புகை மணக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. கையை நீட்டி, அலாம் அடிக்காமல் அதன் பொத்தானை அமத்திவிட்டேன். இரண்டரைக்குள் வந்து நானே கதவைத் திறந்து, அந்த ஒரு மணித்தியாலமும் அங்கேயே நிற்பது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு வெளியே போனேன்.

பனி கொட்டத் தொடங்கியது. டொக்ரரிடம் நேரம் போனது. தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் பாதையில் நின்றுவிட்டது. இறங்கி நடந்து போய்க் கௌசியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது நாலரை. ஜோனின் கார் நின்றது.

ஆர்தர் குசினியில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மடியில் கம்பளியோடு இருந்தார். மூக்கு சிவந்திருந்தது. ஜோன் பேஸ்மென்றிலிருந்து ஏறி வந்து, "உங்கள் மச்சாளின் மெஷின் வேலை செய்யவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எதிர்பார்த்ததைச் சொல்லுவதுபோலச் சொன்னார். "என்ன நடந்தது?"

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும் மச்சாள். நான் நிப்பாட்டினேன் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் காணும்.

"ஐ டோன்ற் நோ" என்றேன்.

நீங்கள் எட்டரைக்கு வந்தீர்கள். உங்களுடன் கதைக்கவென்று ஜோன் இருந்துவிட்டார். நடந்ததைக் கேட்டீர்கள். முதலில் கீழே போகவில்லை. ஆர்தரிடம் போய், குனிந்து, அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். அவர் உங்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ரீ வேண்டுமா என்று கேட்டீர்கள். பிறகுதான் கீழே இறங்கினீர்கள். சாம்பல் கைபிடியை ஆட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட நேரம் ஆட்டினீர்கள்.

மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஜோனிடம் சொன்னீர்கள்: "மை மிஸ்ரேக். பட்டன். ஐ ஃபொர்கெற்."

உங்கள் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா, இவ்வளவையும் செய்துபோட்டுப் பொத்தானை மறந்திட்டீங்களே."

"வயசு போகுதடா" என்றீர்கள். என் பக்கம் பார்க்கவேயில்லை. நான் கௌசியின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அவிழ்ந்த பின்னல்.

ஜோன் வீடு விற்கும் முகவரோடு கதைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். நீங்கள் அடுத்த நாள் விடிய ஜோனுக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். "சற்றடே. யூ கம். யூ சிற். யூ சீ." அவர் என்ன சொன்னாரோ, நீங்கள் திரும்பவும் அதையே சொன்னீர்கள். மூன்றாம் தரம் அவர் ஓம் என்றிருக்க வேண்டும். நீங்கள் ரிசீவரை வைத்துவிட்டுப் புட்டுக்கு மா குழைக்கப் போனீர்கள்.

சனிக்கிழமை ஜோன் வந்து, கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் கோட்டோடு இருந்தார். ஆர்தர் மேல்படியில். நாங்கள் எல்லாரும் சுவரோடு. பதினொரு மணிக்கு அலாம் அடித்தது, தட்டு மடிந்தது, ரின் இறங்கியது, கதவு திறந்தது. உள்ளே கரி முதலில் செம்மஞ்சளாகி, பிறகு நீலமாக நாக்கு நீட்டியது. ஜோன் கோட்டைக் கழற்றினார். ஐம்பத்தைந்து நிமிடம் ஒருவரும் எழும்பவில்லை. ரின்னுக்குக் கீழே வைத்த வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். கதவு தன்பாட்டில் மெல்லச் சாத்திக்கொண்டது.

ஜோன் கேட்டார், மணிக்கூடு இடையில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று. நான் இத்தனை கிழமையாகக் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது.

நீங்கள் ரின்னைத் திரும்ப நிரப்பித் தட்டில் வைத்தீர்கள். மணிக்கூட்டை நிப்பாட்டினீர்கள். எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு சாத்தியபடியே இருந்தது. நூலை அறுத்தீர்கள். கதவு சாத்தியபடியே இருந்தது. "மெஷின் ஸ்ரொப், ஹவுஸ் கோல்ட்" என்றீர்கள். "கோல்ட் ஒன்லி. நோ டேஞ்சர்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "மணிக்கூடு நிண்டாலும் நூல் அறுந்தாலும் கதவு மூடித்தான் இருக்கும். திறந்தபடி நிக்காது. அப்பிடித்தான் செய்தனான்" என்றீர்கள்.

எனக்காகத்தான் அந்தத் தமிழ். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

ஜோன் இரண்டு விஷயம் கேட்டார். புகைக்கூட்டைத் துப்புரவாக்க வேண்டும், நஞ்சு வாயு வந்தால் சத்தம் போடுகிற கருவி ஒன்றைச் சுவரில் பூட்ட வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் உடனே ஓம் என்றீர்கள். துப்புரவாக்க வந்தவர் ஒரு வாளி புகைக்கரியும் ஒரு பழைய குருவிக்கூடும் எடுத்தார். அதன் பிறகு மணக்கவில்லை. அந்தக் கருவியும் நாங்கள் இருந்த காலம்வரை வாய் திறக்கவில்லை. வீடு விற்கிற கதை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டீர்கள்.

"நாளையில இருந்து நீர்தான் உந்த மணிக்கூட்டை வைக்க வேணும். நீர் விடிய எழும்புறனீர்தானே."

"நானோ? எனக்கு உது ஒண்டும் தெரியாது மச்சாள்."

"பொத்தான் எங்க இருக்கெண்டு தெரியும்தானே" என்றீர்கள். "மிச்சத்தைக் காட்டுறன்."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் றப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று மாரிக் குளிருக்கும் நான் வைத்தேன். விடிய ஆறு மணிக்குக் கரி போட்டு, சாவி கொடுத்து, ரின் நிரப்பி, பொத்தானை இழுத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒருநாளும் தவறவில்லை. ஈரத்தில் ஆணி இறுகியபோது சவர்க்காரம் பூசி இளக்கினேன். நூலுக்குப் பதில் மீன்பிடி நைலோன் போட்டது நான்தான், நீங்கள் பார்த்து "நல்லது" என்றீர்கள். இரண்டாம் மாரியில் ஒருநாள் தொழிற்சாலைச் சுவர் மணிக்கூட்டில் மூன்றரையைப் பார்த்தபோது, மூன்று மணி என் தையல் கோணாமலே கடந்துபோயிருந்தது தெரிந்தது.

அந்த மூன்றாம் மாரி முடிய ஆர்தர் தானாகவே ஜோனிடம் போக முடிவெடுத்தார். வீடு வாங்கியவர்கள் கணவாயைத் துண்டுதுண்டாக வெட்டி வெளியே எடுத்தார்கள். நாங்கள் டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்குப் போனோம். அங்கே சூடு யாரிடமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது. அங்கேதான் நீங்கள் வருத்தம் வந்து படுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. நான் ஒவ்வொரு நாளும் வந்தேன். நேரம் இருந்தது, தனிமை இருந்தது, நீங்கள் தெளிவாகத்தான் இருந்தீர்கள். நான் சூப் கொண்டுவந்தேன். தலையணை உறை மாற்றினேன். உங்களிடம் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இதற்கு நான் காரணம் தேடப்போவதில்லை. துணிவு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் மில்லிக்கனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கௌசிக்குப் பதின்மூன்று, என்னைவிட உயரம். உங்கள் தம்பி சுவரில் இருக்கிற சூட்டுப் பெட்டியை நாளுக்கு நாலுதரம் நோண்டுகிறார். தொழிற்சாலையில் தையல் மெஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட முதல் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மெக்கானிக் தேவைப்படுவதில்லை.

போன மாதம் திவசச் செய்தி சொல்ல ஜோனுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஆர்தர் இன்னும் இருக்கிறார். தொண்ணூறாகப் போகிறது. நேரில் போனேன், தனியாக, நானே கார் ஓடிக்கொண்டு. ஜோன் குசினியில் நின்ற நேரம் அவரிடம் சொல்லிவிட்டேன். "அந்தச் செவ்வாய்க்கிழமை பொத்தானை அமத்தியது ராணி இல்லை, நான்" என்றேன். என் வாயால் முதல்தரம் சொன்னது அவரிடம்தான்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றார். "நீ படியிறங்கிப் போனதும் ஏறி வந்ததும் எனக்குக் கேட்டது. மூன்று மணிக்கு மணி அடிக்கவில்லை. அன்றிரவே ராணியிடம் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு ரீ வேண்டுமா என்று கேட்டாள்."

அப்படியென்றால் நீங்கள் கீழே போக முதலே உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "மை மிஸ்ரேக்" என்றீர்கள். தெரிந்துகொண்டுதான் அந்த மணிக்கூட்டை என் கையில் தந்தீர்கள். கைபிடியை அவ்வளவு நேரம் ஆட்டினீர்களே, என்னில் கோபமா? பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே என்றது குத்தலா, மன்னிப்பா? ஆஸ்பத்திரியில் நான் சூப்போடு நின்றபோது, நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா? திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் "றோட்டைப் பாரும்" என்றிருப்பீர்கள்.

ஆனால் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியும். உங்கள் தம்பி இந்தப் பொத்தான் கதையைப் பகிடியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பிறந்தநாள் வீடுகளில், கலியாண வீடுகளில், உங்கள் செத்தவீட்டில்கூடச் சொன்னார். "எங்கட அக்கா பெரிய எஞ்சினியர், ஆனா பொத்தானை மறந்து கிழவரை விறைக்க வைச்சவ." எல்லாரும் சிரிப்பார்கள். அவர் அன்போடுதான் சொல்லுகிறார். கௌசிக்கும் அந்தக் கதைதான் தெரியும். நேற்று மண்டபத்தில் கதைக்கவென்று அவர் எழுதிய தாளைப் பார்த்தேன். இரண்டாம் பந்தியில் அது இருக்கிறது.

நீங்கள் ஒன்றையும் மறக்கவில்லை. உங்கள் மெஷினும் ஒருநாளும் பிழை விடவில்லை. அது எழுத்தில் இருக்க வேண்டும்.

நாளைக்கு இது அச்சகத்துக்குப் போகிறது. அதற்கு முதல், இன்று பின்னேரம் உங்கள் தம்பி வேலையால் வந்ததும் கௌசியையும் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்து வாயால் சொல்லுவேன். அவர் கோபிப்பார். கோபிக்கட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அடுத்த கிழமை மண்டபத்தில் அவருக்கு முன்னால் நான் மேடைக்குப் போவேன். பொத்தானை அமத்திய கை இது என்று காட்டிச் சொல்லுவேன். கடதாசியைப் பார்க்க மாட்டேன். அழவும் மாட்டேன் மச்சாள், அழுதால் பின்னுக்கு இருப்பவர்களுக்குச் சொல் விளங்காது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் மச்சாள்,
மலர்